எது ஜெயிக்கும் என்பது இருக்கட்டும், கையில் இருப்பது ஓடுமா?

"புது நாட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த டிவிடி, ப்ளூ ரேக்களில் பாதி இங்கே வாங்கிய பிளேயரில் ஓடவில்லை. 4கே பிளேயர் வாங்கட்டுமா? இல்லை, டிஸ்க் காலமே முடிந்தது, ஸ்ட்ரீமிங்தான் ஜெயிக்கும் என்கிறார்களே, அப்படியே விட்டுவிடட்டுமா? கூடவே வீடு, வேலை, குளிர், இங்குள்ள நம்மவர்கள் பற்றியும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, வீடு, வேலை பற்றிச் சொல்ல ஆள் வரிசையில் நிற்பார்கள். குளிர் பழகிவிடும். நம்மவர்களோடு பழக்கமா, அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. டிஸ்க் விஷயத்தில்தான் புதிதாக வருகிறவர்களை ஆளாளுக்குக் குழப்பிவிடுகிறார்கள். அதற்கு மட்டும் முழுசாகப் பதில் சொல்கிறேன்.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவே இல்லை. பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. டிவிடி வந்தபோது உலகத்தை ஆறு ரீஜனாக வெட்டினார்கள். ஒரு ரீஜன் டிஸ்க் இன்னொரு ரீஜன் பிளேயரில் ஓடாது. அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பா, ஜப்பான், மத்தியக் கிழக்கு 2. தென்கிழக்காசியாவும் கொரியாவும் 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் அமெரிக்கா 4. இந்தியா, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனா 6. ப்ளூ ரேயில் இது மூன்றாகச் சுருங்கியது. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, தென்கிழக்காசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு, ஆஸ்திரேலியா பி. இந்தியா, சீனா, ரஷ்யா சி. டிவிடி உறையின் பின்பக்கம் சின்ன உலக உருண்டைக்குள் எண் அச்சிட்டிருக்கும். ப்ளூ ரே உறையில் அறுகோணக் கட்டத்துக்குள் எழுத்து இருக்கும். பிளேயர் வாங்கக் கிளம்புமுன் உங்களிடம் இருப்பதை அந்தக் குறிப்படி தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். எந்தப் பிளேயர் வேண்டும் என்பதை அந்த அடுக்குகளே சொல்லிவிடும்.

எல்லா ரீஜனிலும் ஓடும் என்ற பொருளில் ரீஜன் 0 என்றோ 'ஆல்' என்றோ போட்டிருந்தால் உடனே நிம்மதியாகிவிடாதீர்கள். வந்த புதிதில் எல்லாரும் விழுகிற குழி அதுதான். ரீஜன் என்பது வெறும் பூட்டு. பூட்டுக்குள்ளே இருக்கும் படம் எந்த டிவி முறையில் பதிவாகியிருக்கிறது என்பது வேறு சங்கதி. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 'பால்' (மாட்டுப் பால் இல்லை, முறையின் பெயரே அதுதான்): 576 வரி, நொடிக்கு 25 ஃபிரேம். வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்.டி.எஸ்.சி.: 480 வரி, நொடிக்கு ஏறக்குறைய 30 ஃபிரேம். ஐரோப்பாவில் விற்கும் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டிவிடும். வட அமெரிக்காவில் விற்பவற்றில் பல 'பால்' டிஸ்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் ரீஜன் 0 டிவிடியே அங்கே சுவரில் முட்டி நிற்கும். கடைக்காரரிடம் "ரீஜன் ஃப்ரீயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். "பால் டிஸ்க்கை 60 ஹெர்ட்ஸுக்கு, அதாவது என்.டி.எஸ்.சி. வேகத்துக்கு, மாற்றிக் கொடுக்குமா?" என்பது மறுபாதி.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை 'பால்' டிவிடியில் 25ஆக ஓட்டுகிறார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைச் சரிசெய்யாத டிஸ்க்காக இருந்தால் பாட்டு கிட்டத்தட்ட அரைச் சுரம் ஏறிக் கேட்கும். காது பழகியவர்கள் "என்னமோ மாதிரி இருக்கே" என்பார்கள். பிளேயரில் கோளாறு இல்லை. ப்ளூ ரேயில் பெரும்பாலும் 24 ஃபிரேமாகவே பதிவாகியிருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் ஐரோப்பிய ப்ளூ ரேக்கள் சிலவற்றில் படம் சரியாக இருந்தும், மெனுவுக்கு முன் வரும் விளம்பரமோ கூடுதல் காட்சிகளோ 50 ஹெர்ட்ஸில், அதாவது 'பால்' வேகத்தில், இருக்கும். அமெரிக்கப் பிளேயர் அங்கே கறுப்புத் திரையோடு நின்றுவிடும். ரிமோட்டில் 'டாப் மெனு'வையோ அடுத்த அத்தியாயப் பொத்தானையோ அழுத்தித் தாண்டிப் பாருங்கள். பல டிஸ்க்குகள் அப்படிப் பிழைத்துக்கொள்ளும்.

இனி, ஓடாத பாதியைப் போட்டுப் பார்த்து, திரையில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். ரீஜன் தப்பு என்று செய்தி வந்தால் அது பூட்டு. படம் கறுப்பு வெள்ளையாகி மேலும் கீழும் உருண்டால் 'பால்' படம் மாறாமலேயே பழைய வயர் வழியாக டிவிக்குப் போகிறது. பிளேயரின் வீடியோ செட்டிங்கில் டிவி முறையை என்.டி.எஸ்.சி. என்று மாற்ற வேண்டும். 'இந்த டிஸ்க்கை ஓட்ட முடியாது' என்று மொட்டையாக வந்தால், ஒன்று அந்த முறை பிளேயருக்குத் தெரியாது, அல்லது வீட்டில் எழுதிய டிவிடியை கடைசியில் ஃபைனலைஸ் செய்யாமல் (எழுதி முடித்து மூடாமல்) விட்டிருக்கிறார்கள். இரண்டாவதுதான் காரணம் என்றால் எழுதிய ரெக்கார்டரில் திரும்பப் போட்டு முடித்தால்தான் உண்டு. புது ப்ளூ ரே மட்டும் சுற்றிச் சுற்றி லோடாகி நின்றால் பிளேயரின் ஃபர்ம்வேர் (உள்ளிருக்கும் மென்பொருள்) பழையது. டிஸ்க்கை நகலெடுக்காமல் தடுக்கும் காப்புச் சாவிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், பழைய பிளேயருக்குப் புதுச் சாவி தெரியாது. நெட்டில் இணைத்தோ, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த யூஎஸ்பி குச்சியிலோ புதுப்பித்துவிடலாம்.

'மல்ட்டி ரீஜன்' என்று விற்கும் பிளேயரில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். டிவிடி ரீஜனைப் பல மாடல்களில் ட்ரேயைத் திறந்துவைத்து ரிமோட்டில் சில எண்களைத் தட்டினாலே மாற்றிவிடலாம். அதை மட்டும் செய்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். ப்ளூ ரே பூட்டு அப்படியே இருக்கும். அதைத் திறக்கப் பெரும்பாலும் உள்ளே தனிச் சர்க்யூட் வைக்க வேண்டும். அதனால் டிவிடிக்கு எந்தெந்த எண், ப்ளூ ரேக்கு ஏ, பி, சி மூன்றுமா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அப்படி மாற்றிய பிளேயரில் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ராத்திரி அப்டேட்டில் பழையபடி பூட்டு விழலாம். டிவிடி ரீஜனை 0 என்று வைத்தால் சில ரீஜன் 1 டிஸ்க்குகள் மோப்பம் பிடித்து மறுக்கும். அவற்றுக்கு 1 என்றே வையுங்கள். கம்ப்யூட்டரில் பார்ப்பதென்றால், டிவிடி டிரைவின் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவதில் எது இருக்கிறதோ அது நிலைத்துவிடும். விளையாட்டாக மாற்றிப் பார்க்க வேண்டாம். ரீஜனுக்கு ஒரு வெளி டிரைவ் என்று இரண்டு வைத்துக்கொண்டால் நிம்மதி.

ஊரிலிருந்தே பிளேயரைத் தூக்கிவரலாமே என்று சிலர் சொல்வார்கள். பின்பக்க ஸ்டிக்கரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் தாராளமாக வரலாம், பிளக் அடாப்டர் ஒன்று போதும். 220–240 என்று மட்டும் இருந்தால் 120 வோல்ட் நாட்டில் விளக்குகூட எரியாது. 120 மட்டும் என்று இருப்பதை 230 வோல்ட்டில் சொருகினால் அன்றோடு முடிந்தது. அடாப்டர் பிளக்கின் உருவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. இதைத் தெரியாமல் சாமான்களை எரித்துவிட்டு, 'இந்த நாட்டு கரண்டே சரியில்லை' என்று சொல்லித் திரிகிற மூத்த குடியேறிகள் இருக்கிறார்கள், அவர்களிடம் யோசனை கேட்காதீர்கள். வாட்ஸைப் பார்த்தால் ப்ளூ ரே பிளேயர் 30ஐத் தாண்டுவது அரிது. வோல்ட்டேஜை மாற்ற 100 வாட் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம்.

எது ஜெயிக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். இதே கேள்வியை 2006இல், டிவிடியின் இடத்துக்கு எச்டி டிவிடி, ப்ளூ ரே என்ற இரண்டு டிஸ்க்குகள் மோதியபோது, எல்லாரும் கேட்டார்கள். அந்த வருஷம் மார்ச் கடைசியில் தோஷிபா ஜப்பானில் எச்டி டிவிடி பிளேயரை இறக்கியது. ஜூனில் அமெரிக்காவில் சாம்சங்கின் ப்ளூ ரே பிளேயர் வந்தது. இரண்டுக்கும் ஒரே 405 நானோமீட்டர் ஊதா நீல லேசர்தான். எச்டி டிவிடியில் தகவல் அடுக்கு, பழைய டிவிடி போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. அதனால் டிவிடி ஆலையையே கொஞ்சம் மாற்றி அச்சடிக்க முடிந்தது. ஆனால் ஓர் அடுக்குக்கு 15 ஜிபிதான். ப்ளூ ரேயில் அந்த அடுக்கு 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்கே மேலே வந்து, லென்ஸைக் கூர்மையாக்கி, 25 ஜிபி பிடித்தது. ஸ்டுடியோக்களில் சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் ப்ளூ ரே பக்கம், யுனிவர்சல் எச்டி டிவிடி பக்கம். 2007 ஆகஸ்டில் பாரமவுண்ட்டும் எச்டி டிவிடி பக்கமே சாய்ந்தது. ஆனால் 2006 நவம்பரிலேயே பிளேஸ்டேஷன் 3 வழியாக ப்ளூ ரே சத்தமில்லாமல் வீடுகளுக்குள் புகுந்துவிட்டிருந்தது. 2008 ஜனவரி 4இல் வார்னர் இனி ப்ளூ ரே மட்டும்தான் என்றது. 46 நாள் கழித்து, பிப்ரவரி 19இல், தோஷிபா எச்டி டிவிடி கடையை மூடியது.

எந்த டிஸ்க் அதிகம் பிடிக்கும், எந்த ஸ்டுடியோ எந்தப் பக்கம் என்றே இந்தச் சண்டையைப் பற்றிப் பேசுகிறார்கள். எச்டி டிவிடிக்கு ரீஜன் பூட்டே கிடையாது என்பதை யாரும் சொல்வதில்லை. எங்கே வாங்கினாலும் எங்கே வேண்டுமானாலும் ஓடும். ஒரு பக்கம் சாதா டிவிடி, மறுபக்கம் எச்டி என்று ஒட்டிய டிஸ்க்கும் அதில் வந்தது. நாடு மாறுகிறவனுக்குத் தோதான டிஸ்க் தோற்றது, உலகத்துக்கு வேலி போட்ட டிஸ்க் ஜெயித்தது. இது ஆறாத புண். உள்ளூர்க்காரர்களுக்கு ரீஜன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எந்த நாட்டு டிஸ்க்கையும் ஓட்டுகிற வீடு ஒரு தெருவில் இருந்தால் அது குடியேறியவர் வீடாகத்தான் இருக்கும். யாரும் சொல்லித்தராமல் ஸ்டிக்கரையும் மெனுவையும் படித்தே தேறியவர்கள் நாம்.

பழைய சாமான் விற்பனையில் சிவப்பு உறையோடு எச்டி டிவிடி மலிவாகக் கிடைக்கும். உறை நிறம் தெரியாமல் எடுத்துவிடாதீர்கள், எந்தச் சாதாரண ப்ளூ ரே பிளேயரும் அதைப் படிக்காது. அந்தக் கால டிஸ்க்குகளில் ஒரு பகுதி இப்போது தானாகவே பழுதாகியும் வருகிறது. நீல உறை ப்ளூ ரே, கறுப்பு உறை 4கே.

அந்த வேலி கடைசியில் 4கே டிஸ்க்கில்தான் விழுந்தது. 2016இல் வந்த 4கே ப்ளூ ரேக்கு ரீஜன் கிடையாது. ஆகவே இனிப் புதிதாக வாங்குவதை 4கேயாக வாங்குங்கள், நாளைக்கு இன்னொரு நாட்டுக்குப் பெயர்ந்தாலும் கூட வரும். கூடவே ஒரு எச்சரிக்கை: 4கே பிளேயராக இருந்தாலும் அதே ட்ரேயில் சாதா ப்ளூ ரேயையோ டிவிடியையோ போட்டால் பழைய பூட்டு அப்படியே இருக்கும். 4கே பெட்டிக்குள் சேர்த்து வரும் சாதா ப்ளூ ரேயிலும் பூட்டு இருக்கலாம், கூடுதல் காட்சிகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். டிவியின் எச்.டி.எம்.ஐ. துளை எச்.டி.சி.பி. 2.2ஐ (நகல் தடுப்பு முறை) ஏற்க வேண்டும், கேபிள் நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்க வேண்டும், அந்தத் துளைக்கு டிவி மெனுவில் முழு வண்ண அமைப்பை இயக்கியிருக்க வேண்டும். ஒன்று விட்டாலும் படம் 1080 வரிக்கு இறங்கிவிடும், அல்லது நிறம் வெளிறித் தெரியும். உங்கள் லேப்டாப் புதிது என்றால் 4கே டிஸ்க்குக்கு அதை நம்ப வேண்டாம். 4கே டிஸ்க்கை ஓட்டும் மென்பொருளுக்குத் தேவையான பாதுகாப்பு வசதியை இன்டெல் தன் புது லேப்டாப் சிப்புகளில் எடுத்துவிட்டது.

ஸ்ட்ரீமிங் ஏற்கெனவே ஜெயித்துவிட்டது, அதில் வாதம் இல்லை. ஆப்போ 2018இல் பிளேயர் தொழிலை விட்டது, 2019இல் சாம்சங்கும் அமெரிக்காவுக்குப் புது மாடல் செய்வதில்லை என்றது. ஆனால் ஸ்ட்ரீமிங்கும் நாடு பார்த்துத்தான் படம் காட்டும். உரிமையை நாடு நாடாக விற்கிறார்கள். ஊரில் காசு கட்டி 'வாங்கிய' படம் கணக்கின் நாட்டை மாற்றியதும் காணாமல் போகலாம். எல்லாவற்றையும் குப்பையில் போடு என்று யோசனை சொல்கிறவர்களே ஆறு மாதம் கழித்து ஒரு பழைய படத்துக்காக டிஸ்க் கேட்டு வருவார்கள். தரத்தைப் பார்த்தால், 4கே ஸ்ட்ரீமிங்குக்கு நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் இணைப்பு கேட்கிறார்கள், டிஸ்க் 100ஐயும் தாண்டும். இருட்டுக் காட்சியில் சுவரில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள், வித்தியாசம் அங்கேதான்.

ஊரில் மிச்சம் இருப்பதை வரவழைக்கும்போது பெட்டியோடு வேண்டாம். உறையோடு ஒரு டிவிடி சுமார் 100 கிராம், தனி டிஸ்க் சுமார் 16 கிராம். 200 படம் 20 கிலோவிலிருந்து மூன்றேகால் கிலோவாக இறங்கிவிடும். ரீஜன் குறி இருக்கும் அட்டைத் தாளை மட்டும் மடிக்காமல் கூடவே எடுத்து வையுங்கள். துடைப்பதாக இருந்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, சுற்றிச் சுற்றி அல்ல. ப்ளூ ரேயை டிவிடி பாலிஷ் மெஷினில் கொடுத்துவிடாதீர்கள். டிவிடியில் சுரண்ட 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருக்கிறது. ப்ளூ ரேயில் அந்த 0.1 மில்லிமீட்டரும் அதன்மேல் கடினப் பூச்சும்தான், அது போனால் டிஸ்க்கும் போயிற்று.

எந்த நாடு, இங்கே வாங்கிய பிளேயரின் பின்பக்க ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது, ஓடாத டிஸ்க் ஒன்றைப் போட்டால் திரையில் வரும் சரியான வாசகம் என்ன, இந்த மூன்றையும் எழுதுங்கள். இருக்கிற பிளேயரே போதுமா என்று சொல்லிவிடலாம்.