ஜப்பானியரிடமும் சீனரிடமும் சிறுதொழில் செய்வோர் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

அவர்களுடைய ஒழுக்கம் நம் தொழிலாளர்களுக்கு வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் சிறிய பட்டறை நடத்துபவராகத்தான் இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். இந்தப் பேச்சை யார் தொடங்கினாலும் தொழிலாளியின் ஒழுக்கத்தில்தான் போய் நிற்கிறது; முதலாளி எதை விட்டுக்கொடுத்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

சக்கிச்சி டொயோடா 1924இல் உருவாக்கிய தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானே நின்றுவிடும். பழுதோடு ஓடுவதைவிட நிற்பதே லாபம் என்ற அந்தக் கணக்குதான் பின்னாளில் அக்குடும்பத்தின் கார் தொழிற்சாலைக்கும் சென்றது. அங்கே கோளாறு கண்ட தொழிலாளி மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம்; உடனே சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். சீனாவில் சிங்டாவ் நகரத்துக் குளிர்சாதனப் பெட்டி ஆலையை நடத்திய ஜாங் ருய்மின், 1985இல் பழுதான 76 பெட்டிகளைத் தொழிலாளர்களைக் கொண்டே சம்மட்டியால் உடைக்கச் செய்தார். விலையைக் குறைத்துத் தள்ளிவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. இன்றைய ஹையர் நிறுவனம் அந்த ஆலையிலிருந்து வளர்ந்ததுதான்.

கோவையில் நாங்கள் பம்புகளுக்கான புஷ் (நடுவே துளையுள்ள உலோக உருளை) கடைகிறோம். முன்பு பீஸ் ரேட் கூலி, அதாவது செய்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கணக்கு. கடைசல் இயந்திரமான லேத் நின்றால் கூலியும் நிற்கும் என்ற நிலையில் எந்த ஆபரேட்டர் தானாக நிறுத்துவார்? மாதச் சம்பளத்துக்கு மாற்றி, சந்தேகம் வந்தால் என்னைக் கேட்காமலே நிறுத்தலாம் என்று சொன்ன பிறகுதான் மாற்றம் வந்தது. மறுநாள் காலையில் சரக்கு போக வேண்டிய ஓர் இரவு, இரவு ஷிப்ட் தம்பி துளையின் அளவைச் சோதிக்கும் கேஜின் ‘கோ’ முனை (சரியான துளையில் நுழைய வேண்டிய முனை) உள்ளே நுழையவில்லை என்று, கணினி வழி இயங்கும் சிஎன்சி லேத்தை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். ஆஃப்செட்டை, அதாவது இயந்திரத்தில் பதிந்துள்ள அளவுத் திருத்தத்தை, மாற்றி ஓட்டியிருக்கலாம். ஆனால் புது இன்சர்ட் (வெட்டும் அலகு) இவ்வளவு சீக்கிரம் ஏன் தேய்ந்தது என்று பார்த்தபோது, சுருண்ட உலோகப் பிசிறை இழுத்தெடுக்கையில், சூட்டைத் தணிக்கும் கூலன்ட் குழாய் திரும்பிப்போய், தண்ணீர் வெட்டும் முனையில் படாமலே ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. சரக்கு அரை நாள் தாமதமாகப் போனது. அதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

ஜப்பான் புராணம் பாடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அளவுமீறிய வேலையால் நேர்ந்த சாவு என்று அரசே ஏற்று இழப்பீடு வழங்கும் அளவுக்கு நிலைமை உள்ள நாடு அது என்பதை நானும் அறிவேன்.

என் மனத்தாங்கல் வேறு. பெரிய வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று 5எஸ் (பணியிடத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானிய முறை) ஆடிட் என்று ஆளனுப்பி, தரையில் மஞ்சள் கோடு இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தது. அதே நிறுவனத்தில் எங்கள் பில் மாதக்கணக்கில் தூங்கியது. ஜப்பானில் துணை ஒப்பந்தக்காரருக்கு 60 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் 2006ஆம் ஆண்டுச் சட்டமோ சிறுதொழிலுக்கு 45 நாட்களைத் தாண்டக் கூடாது என்கிறது. கோடு போடச் சொன்னவர்களுக்கு, காலத்தில் பணம் தருவது மட்டும் பாடமாகத் தெரியவில்லை.

பீஸ் ரேட்டை விட்டால் முதல் சில மாதங்கள் உற்பத்தி குறையும், எங்களுக்கும் குறைந்தது. அதைத் தாங்கக் கையில் பணம் இல்லையென்றால் ஒரே ஓர் இயந்திரத்தில் மட்டும் தொடங்கிப் பாருங்கள்.