குவில்ட்டில் எழும்பி நிற்கும் துணிப்பூக்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் குடியாத்தத்தில் வீட்டிலிருந்தபடியே பிளவுஸும் சுடிதாரும் தைத்துக் கொடுத்து வருகிறேன். வெட்டியதுபோக மிஞ்சிய துணிகளைச் சேர்த்து, 12 அங்குலச் சதுரக் கட்டங்கள் ஒன்பதை இணைத்து ஒரு குவில்ட் (மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு) தைத்தேன். எல்லாக் கட்டங்களிலும் வட்டத் துணியைச் சுருக்கிச் செய்யும் யோ-யோ பூக்களையும், மடித்த இதழ்களையும் வைத்தேன். முடித்துப் பார்த்தபோது எந்தப் பூவும் தனியாக எடுத்துத் தெரியவில்லை. துவைத்து இஸ்திரி போட்டதும் எல்லாம் நசுங்கிவிட்டன. சில இதழ்கள் பிரிந்தும் போயின. இந்த மாதிரி வேலை குவில்ட்டுக்கு ஒத்துவராதா? என் தங்கைக்கு ஐப்பசியில் குழந்தை பிறக்க இருக்கிறது. அதற்கும் ஒன்று தைக்க ஆசைப்படுகிறேன். படம் இணைத்திருக்கிறேன், வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

நன்றாகவே ஒத்துவரும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் கட்டங்களின் மூலைகள் பிசகாமல் சேர்ந்திருக்கின்றன. பூக்களின் சுருக்கும் சீராக இருக்கிறது. பூக்களுக்கு நடுவே வெறுந்துணி இல்லை என்பது ஒன்றுதான் குறை. துணியில் உயரம் கண்ணுக்குத் தெரிவது அதன் ஓரத்தில் விழும் நிழலால். அந்த நிழல் விழுவதற்குத் தட்டையான தளம் வேண்டும். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். குதிரை வீரர்களும் யாளிகளும் அப்படி முன்னே வருவது, சிற்பி சுற்றியுள்ள கல்லைக் குடைந்து பின்னே தள்ளியதால்தான்.

குவில்ட்டில் இதே முறையை நேரடியாகக் காட்டும் வேலை திரபுன்டோ எனப்படும் புடைப்புத் தையல். பூவின் வடிவத்துக்கு அடியில் மட்டும் கூடுதலாகப் பஞ்சு வைத்து, விளிம்பைத் தைத்து, வெளியே நீட்டியிருக்கும் பஞ்சைக் கத்தரித்துவிட்டுச் சுற்றுப்புறம் முழுவதும் நெருக்கமாகத் தையல் ஓட்டுவார்கள். பூவை எழுப்புவதில் பாதி வேலையைச் சுற்றியுள்ள நெருக்கத் தையல் செய்துவிடும். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் இந்தப் புடைப்பு வேலையாகத் தைக்கப்பட்ட டிரிஸ்டன் குவில்ட்டின் பகுதிகள் இன்றும் லண்டனிலும் ஃபிளாரன்ஸிலும் உள்ள அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வண்ணத் துணி ஒட்டுகள் ஏதுமின்றி, லினன் துணியில் பஞ்சின் உயரத்தையும் தையலின் பள்ளத்தையும் கொண்டே அதில் டிரிஸ்டன் என்னும் வீரனின் கதைக் காட்சிகளைச் சொல்லியிருக்கிறார்கள். நம்முடைய அக்கம்பக்கத்திலும் சான்று உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு தைக்கும் கவந்தி என்ற குவில்ட்டில், மடித்த துணிகளைப் பூ என்று சொல்லி மூலைகளில் வைத்து வேலையை நிறைவு செய்கிறார்கள். நடுப்பகுதி தட்டையான ஒட்டுத்துணியாகவே இருக்கிறது. நீங்களும் ஒன்பது கட்டங்களில் மூன்றிலோ நான்கிலோ மட்டும் பூக்களை வைத்து, மற்றவற்றை வெறும் ஒட்டுத்துணியாக விட்டிருந்தால் அந்தப் பூக்கள் பேசியிருக்கும்.

அடுத்தது, இதழ்கள் ஏன் பிரிந்தன என்பது. படத்தைப் பார்த்தால், அவற்றை மேலே வைத்து ஓரத்தில் எம்மிங் மட்டும் செய்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. எழும்பி நிற்கும் எதையும் முடிந்தவரை இரண்டு துணிகளின் இணைப்புத் தையலுக்குள் கொடுத்துத் தைக்க வேண்டும் என்பதை நான் ஏறத்தாழ விதியாகவே வைத்திருக்கிறேன். உதாரணமாக, 4 அங்குலச் சதுரத்தைக் குறுக்காக ஒருமுறையும் மறுபடியும் ஒருமுறையும் மடித்தால், அடிப்பக்கம் 4 அங்குலமும் உயரம் 2 அங்குலமும் உள்ள முக்கோணம் கிடைக்கும். வெட்டு விளிம்புகள் எல்லாம் அந்த அடிப்பக்கத்தில் ஒன்றுசேர்ந்துவிடுவதால், கால் அங்குலத் தையலுக்குள் அவை மறைந்து, 1¾ அங்குலம் வெளியே நிற்கும். அது எத்தனை முறை துவைத்தாலும் பிரியாது. இதழுக்கும் அப்படியே: இரண்டு துணிகளை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து வளைவைத் தைத்து, வளைவு நெடுகச் சிறு சிறு வெட்டுகள் கொடுத்துத் திருப்பி, அடியில் ஒரு கொசுவம் பிடித்து, இணைப்புக்குள் செருகிவிடுங்கள். கொசுவம் இருந்தால்தான் இதழ் குழிந்து எழும்பும். இல்லாவிட்டால் நாக்குப் போலத் தட்டையாகப் படுத்துக்கொள்ளும்.

யோ-யோவை இணைப்புக்குள் கொடுக்க முடியாது. 4 அங்குல வட்டம் வெட்டினால் 2 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பூ வரும். நடுத்துளை உங்கள் பூக்களில் பெரிதாக இருப்பதற்குக் காரணம், ஓட்டுத் தையலை மிகப் பொடியாகப் போட்டிருப்பது. பொடித் தையல் நிறைய மடிப்புகளை உண்டாக்கும். அவை நெருங்கும்போது ஒன்றையொன்று தள்ளி, துளையை மூடவிடாது. கால் அங்குல நீளத்துக்குத் தையல் எடுத்துப் பாருங்கள், இறுக்கமாக மூடும். இந்தப் பூக்களை, மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துக் குவில்ட் தையல் ஓட்டி முடித்த பிறகே வைக்க வேண்டும். முன்னதாக வைத்தால் மெஷினின் பாதம் அவற்றில் இடறும். அதைத் தவிர்க்கச் சுற்றிச் சுற்றிப் போவீர்கள், பஞ்சு அங்கங்கே பிடிப்பில்லாமல் நிற்கும். கட்டத்தின் விளிம்பிலிருந்து அரை அங்குலமாவது உள்ளே தள்ளி வையுங்கள்.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் ஊர் லுங்கித் துணி இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது. நெய்த கட்டங்களே அளவுகோலாக இருப்பதால் சதுரம் கோணாது. குறுக்கே மடித்தால் கோடுகள் சாய்ந்து, ஒரே துணி இரண்டு துணி போலத் தெரியும். சாயம் போகிறதா என்று முதலில் நனைத்துப் பார்த்துவிடுங்கள். ஆரணிப் பட்டு பிளவுஸ்களில் மிஞ்சிய துண்டுகளைப் பருத்தியோடு கலந்திருக்கிறீர்கள். அவை ஓரம் பிரியும், துவைப்பதும் பருத்தி போல அல்ல. பட்டுக்குப் பின்னால் இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸைக் கொடுத்து, சுவரில் மாட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலை நினைத்து நடுவே பஞ்சுக்குப் பதிலாகப் பழைய நூல் புடவையை வைத்தாலும் போதும். திரபுன்டோ செய்யும் இடத்தில் மட்டும் பஞ்சு இருக்கட்டும்.

குழந்தைக்கான குவில்ட்டில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: யோ-யோ வேண்டாம், பொத்தான் வேண்டாம், பிய்த்து வாயில் போடக்கூடிய எதுவும் வேண்டாம். புடைப்பு வேலையும், விளிம்பில் தைக்கும் முக்கோண மடிப்பும் போதுமானவை. பிடித்து இழுத்தாலும் கையோடு வராது. ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் போர்வையோ மெத்தென்ற விரிப்போ கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். ஆகவே குழந்தை விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்க, தரையில் விரித்துப் படுக்கவைப்பதற்கென்று தையுங்கள்.

ஏற்கெனவே தைத்ததைப் பிரித்துப் போட வேண்டாம். நான்கு மூலைக் கட்டங்களிலும் நடுக்கட்டத்திலும் உள்ள பூக்களை எடுத்துவிட்டு அங்கே நெருக்கமாகத் தையல் ஓட்டுங்கள். மீதி நான்கிலும் பிரிந்த இதழ்களின் அடியை ஒன்றுசேர்த்து, அதன்மேல் ஒரு யோ-யோவை வைத்து மூன்று அடுக்கையும் பிடித்துத் தையுங்கள். வெட்டு விளிம்பு மறைந்துவிடும். நசுங்கிய பூக்கள் மேல் தண்ணீர் தெளித்து, விரலால் மடிப்புகளை நிமிர்த்தி, நிழலில் மல்லாக்க விரித்து உலர்த்தினால் பெரும்பாலும் எழுந்துவிடும். இனி இஸ்திரி போடும்போது தடித்த துண்டின்மேல் கவிழ்த்து, பின்புறத்திலிருந்து லேசாக மட்டும் போடுங்கள்.