அட்வான்ஸ் வார்ஸ்: மீடியம் டேங்க் வாங்கியும் ஏன் தோற்கிறோம்?

வாசகர் ஒருவரின் கேள்வி: "ஸ்விட்ச்சில் அட்வான்ஸ் வார்ஸ் 1+2 வாங்கினேன். பழைய கேம்களில் இதற்கு ஈடு இல்லை என்கிறார்கள். எனக்கோ ஒவ்வொரு மேப்பும் இழுத்துக்கொண்டே போகிறது. காசு சேர்ந்ததும் மீடியம் டேங்க் வாங்கி அனுப்புகிறேன், அது போய்ச் சேர்வதற்குள் நொறுங்கிவிடுகிறது. அப்படி என்னதான் இருக்கிறது இதில்? எப்படி ஆட வேண்டும்?"

அட்வான்ஸ் வார்ஸ், இரு தரப்பும் மாறி மாறிப் படைகளை நகர்த்தி ஆடும் நின்டெண்டோ கேம். நீங்கள் இதைப் போராக நினைத்து ஆடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு முறை உங்கள் ஆட்டம் வரும்போதும் அதைத் தனிப் புதிராக எடுத்துப் பாருங்கள், கேம் வேறு மாதிரி தெரியும். எதிரியை மறைக்கும் மூடுபனி இல்லாத மேப்பில் எதிரியின் படை எங்கே நிற்கிறது என்பது முழுக்கத் தெரிகிறது. அது எவ்வளவு தூரம் அடிக்கும் என்று பார்க்கலாம். தாக்கும் முன்பே எத்தனை சதவீதம் சேதம் என்று திரையில் காட்டிவிடுகிறது. அதிர்ஷ்டத்தால் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். விடை கண்ணெதிரே இருக்கிறது, கண்டுபிடிப்பது உங்கள் வேலை. இந்த விளையாட்டின் ருசியே அதில்தான் இருக்கிறது.

ஒரு சின்ன உதாரணம். சமவெளியில் எதிரியின் டேங்க் ஒன்று முழுப் பலத்தோடு, அதாவது 10 புள்ளியோடு நிற்கிறது. உங்களிடம் ஒரு டேங்க், ஓர் ஆர்ட்டிலரி, அதாவது தூரத்தில் நின்று அடிக்கும் பீரங்கி. முதலில் டேங்கை விட்டு அடித்தால் எதிரியின் பலம் பாதியாகும். ஆனால் மிச்சமிருக்கும் பாதியை வைத்து அது திருப்பி அடிக்கும், உங்கள் டேங்கில் இரண்டு மூன்று புள்ளி போகும். அப்புறம் ஆர்ட்டிலரி அடித்து முடித்துவிடும். இதையே மாற்றிச் செய்யுங்கள். ஆர்ட்டிலரி இரண்டு மூன்று கட்டம் தள்ளி நின்று அடிப்பதால் அதைத் திருப்பி அடிக்க முடியாது. ஒரே அடியில் எதிரியின் பலம் 4-க்கு இறங்கும். அடுத்து உங்கள் டேங்க் போய் மிச்சத்தை முடிக்கும், அதன் மேல் ஒரு கீறல்கூட விழாது. அதே இரண்டு படை, அதே இரண்டு அடி, வரிசை மட்டும்தான் வேறு. பலம் குறைந்த படையின் அடியும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும் என்பதால், இன்று தேவையில்லாமல் போன இரண்டு புள்ளி நாளைக்கும் அதற்கு மறுநாளும் உங்களைப் பின்னுக்கு இழுக்கும்.

இப்போது உங்கள் மீடியம் டேங்குக்கு வருவோம். கேமின் காசில் அதன் விலை 16,000. ஆர்ட்டிலரி 6,000, சாதா டேங்க் 7,000, இன்ஃபன்ட்ரி சிப்பாய் 1,000. ஒரு மீடியம் டேங்க் வாங்கும் காசில் ஓர் ஆர்ட்டிலரி, ஒரு டேங்க், மூன்று சிப்பாய்கள் வரும். எதிரியின் இரண்டு ஆர்ட்டிலரிகள் சமவெளியில் நிற்கும் மீடியம் டேங்கை அடுத்தடுத்து அடித்தால் அதில் 2 புள்ளிதான் மிஞ்சும். உங்களுடையது நொறுங்குவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மீடியம் டேங்க் கெட்ட படை இல்லை. துணையில்லாமல் தனியாக அனுப்புவதுதான் தப்பு.

சிப்பாயை மட்டும் குறைத்து எடை போடாதீர்கள். நகரங்களைப் பிடிப்பது அவனும் பசூக்கா ஏந்திய மெக் வீரனும் மட்டும்தான், கையில் இருக்கும் ஒவ்வொரு நகரமும் நாளுக்கு 1,000 தருகிறது (எல்லாரும் ஒரு முறை ஆடி முடித்தால் ஒரு நாள்). ஒரு நகரத்தைப் பிடிக்க 20 புள்ளி வேண்டும். முழுப் பலமுள்ள சிப்பாய் நாளுக்கு 10 எடுப்பான், இரண்டு நாளில் வேலை முடியும். அவன் பலம் 9 ஆகிவிட்டால் இரண்டு நாளில் 18தான் ஆகும், மூன்றாவது நாளும் காத்திருக்க வேண்டும். நகரம் பிடிக்கும் சிப்பாயை எதிரி ஒரு முறை லேசாகச் சுட்டாலும் உங்களுக்கு ஒரு நாள் நஷ்டம். அதையே நீங்கள் எதிரிக்கும் செய்யலாம்!

நிற்கும் இடமும் கணக்கில் வரும். சாலையில் பாதுகாப்பு கிடையாது, காட்டில் இரண்டு நட்சத்திரம், நகரத்தில் மூன்று, மலையில் நான்கு. முழுப் பலமுள்ள படைக்கு ஒரு நட்சத்திரம் சேதத்தில் பத்து சதவீதத்தைக் குறைக்கும். சாலையில் நிற்கும் சிப்பாயை டேங்க் 75 சதவீதம் அடிக்கும், மலை மேல் நின்றால் 45தான். பாலத்திலோ கணவாயிலோ ஒரு சிப்பாயை நிறுத்தி, பின்னால் ஆர்ட்டிலரியை வைத்துப் பாருங்கள். எதிரியின் டேங்க் அவனைத் தாண்டி வர முடியாது. அவனை அடிக்க நிற்கும்போதே உங்கள் ஆர்ட்டிலரியின் எல்லைக்குள் வந்துவிடும். 1,000 கொடுத்து வாங்கிய சிப்பாய் 7,000 விலையுள்ள டேங்கைக் கட்டிப் போடுவதைப் பார்ப்பதில் இருக்கும் சுகமே தனி.

படையை நடத்தும் தளபதி மாறினால் அதே மேப் வேறு புதிராகிவிடும். க்ரிட்டிடம் கொடுத்தால் ஆர்ட்டிலரி ஒரு கட்டம் கூடுதலாக எட்டும். மேக்ஸிடம் நேரடித் தாக்குதல் பலம், தூரத் தாக்குதல் பலவீனம்.

இவ்வளவும் திடீரென்று முளைத்ததில்லை. இதை உருவாக்கிய இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் 1988-லேயே ஜப்பானில் ஃபாமிகாம் வார்ஸ் என்ற கேமைக் கொண்டுவந்தது. அந்த அனுபவமெல்லாம் சேர்ந்துதான் 2001-ல் கேம்பாய் அட்வான்ஸின் சின்னத் திரைக்குள் இவ்வளவு தெளிவாக அடங்கியது. அட்வான்ஸ் வார்ஸ் அமெரிக்காவில் வெளியானது 2001 செப்டம்பர் 10, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு முந்தைய நாள். ஜப்பானியர்களுக்கு அது 2004-ல்தான் கிடைத்தது. உங்களிடம் இருக்கும் ஸ்விட்ச் பதிப்பும் உக்ரைன் போரால் தள்ளிப்போய் 2023 ஏப்ரலில் வந்தது.

நேரம் இழுப்பதற்கு வழி இருக்கிறது. படைகள் நகரும் காட்சியை வேகமாக ஓட்டலாம், சண்டை அனிமேஷனை நிறுத்திவிடலாம். கிளாசிக் என்ற கடினமான முறையில் திணறினால் கேஷுவல் என்ற எளிய முறைக்கு மாறுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. முக்கியமாக, ஸ்விட்ச் பதிப்பில் அந்த நாளின் ஆட்டத்தை முதலிலிருந்து திரும்ப ஆடும் வசதி உண்டு. ஒரு நகர்வு சொதப்பினால் அதைப் பயன்படுத்தி, அதே படைகளை வேறு வரிசையில் நகர்த்திப் பாருங்கள். அடுத்த மேப்பில் முதல் சில நாளுக்கு சிப்பாய்களை மட்டும் வாங்கி நகரங்களைப் பிடியுங்கள், பிறகு ஆர்ட்டிலரி, அதன் காவலுக்கு ஒரு டேங்க். மீடியம் டேங்க் வாங்குவதை அதுவரை தள்ளிப் போடுங்கள்.