சனிக்கிழமை கூலி, வியாழக்கிழமை கடன்: வாரம் 1,800 ரூபாயில் ஐந்து பேர் சாப்பிட முடியுமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார், சனிக்கிழமை கூலி. சாப்பாட்டுக்கு வாரம் 1,800 ரூபாய் ஒதுக்குகிறேன். மாமியார், நாங்கள் இருவர், அரசுப் பள்ளியில் 4ஆம், 8ஆம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள். வியாழக்கிழமை கையில் ஒன்றும் இருப்பதில்லை. தெருமுனைக் கடை நோட்டில் 900 ரூபாய் பாக்கி. ரேஷனில் அரிசி மட்டும் வாங்குகிறோம். மாவு பாக்கெட் வாரம் ஐந்து. பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தினம் 30 ரூபாய். ஞாயிறு கோழிக்கறி. எதை நிறுத்துவது? எனக்கும் சாயங்காலமானால் தலை சுற்றுகிறது.

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் சகோதரி. ஞாயிற்றுக்கிழமை கறியை நிறுத்த வேண்டாம். வாரம் முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்கிறவருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு வேளை வேண்டும். பணம் வேறு இடத்தில் ஒழுகுகிறது.

மாவு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று 40 ரூபாய் என்றால் வாரம் 200. ரேஷன் புழுங்கலரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, கூடக் கொஞ்சம் வெந்தயம். வாரம் இரண்டு முறை ஆட்டினால் உங்கள் ஐந்து பாக்கெட்டுக்கு ஈடாகிவிடும். உளுந்து அரைக் கிலோவுக்குள் முடியும், சுமார் 70 ரூபாய். மிச்சம் 130. கிரைண்டர் பரணில் இருந்தால் இன்றைக்கே இறக்குங்கள். ரேஷன் அரிசியில் வாடை வருகிறது என்று சிலர் ஒதுக்குவார்கள். நாலைந்து தண்ணீர் கழுவி ஊறப்போட்டால் இட்லியில் தெரியாது.

அந்த 130 ரூபாயை வேறு எதற்கும் விடாதீர்கள், அது முட்டைக் காசு. முட்டை 7 ரூபாய் என்று வைத்தால் 16 முட்டைக்கு 112. பள்ளி நாள்களில் மதியச் சத்துணவில் இரண்டு பிள்ளைகளுக்கும் முட்டை கிடைக்கிறது. சின்னதற்குக் காலை உணவும் உண்டு. அதனால் சனி, ஞாயிறு மட்டும் அவர்களுக்கு நான்கு, பெரியவர்கள் மூவருக்கும் ஆளுக்கு நான்கு. பக்கத்து நாமக்கல்லில் இருந்து வருகிற முட்டை. ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம். கடையில் விற்கிற எந்தச் சத்துமாவு டப்பாவையும்விட இதைத்தான் நான் நம்புவேன்.

தின்பண்டத்துக்கு, ஞாயிற்றை விட்டுவிட்டாலும், ஆறு நாளில் 180 போகிறது. அதை 100 ஆக்குங்கள். ஒரு நாள் வேகவைத்த நிலக்கடலை, ஒரு நாள் கொள்ளு சுண்டல், ஒரு நாள் தட்டைப்பயறு. நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் மரவள்ளிக்கிழங்கும் சரிதான், ஆனால் அதில் மாவுச்சத்துதான் அதிகம். வாரம் ஒரு நாள் போதும். இங்கே மிஞ்சும் 80 ரூபாயும் முட்டைக் கணக்கில் மிஞ்சும் 18 ரூபாயும் சேர்ந்தால் ஏறக்குறைய 100. சனிக்கிழமை கூலி வந்ததும் நேரே கடைக்குப் போய் அதைக் கொடுத்து, நோட்டில் கழிக்கச் சொல்லுங்கள். புதுப் பாக்கி ஏறாமல் இருந்தால் ஒன்பது வாரத்தில் நோட்டு ஏறக்குறைய காலி.

புதுப் பாக்கி ஏறாமல் இருக்க இரண்டு வேலை. ரேஷனில் அரிசியோடு நிற்காதீர்கள். மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். இருப்பு வந்த அன்றே போய் வாங்குங்கள். மகளிர் உரிமைத் தொகை உங்கள் கணக்குக்கு வருகிறதென்றால், அந்த 1,000 ரூபாய் கரைவதற்குள் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைகளுக்கு ஒரு நடை போய் உளுந்து, பயறு, மிளகாய், கூடுதல் எண்ணெய் எல்லாம் மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிடுங்கள். பத்து ரூபாய்ப் பொட்டலமாக வாங்கும்போது கிலோவுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், நெஞ்சு பகீர் என்றிருக்கும்.

இன்னொன்று, 1,800ஐ ஒரே பையில் வைக்காதீர்கள். சனிக்கிழமைக்கு 1,000; மீதி 800ஐ மாமியாரின் சுருக்குப்பையில் கொடுத்துவைத்து, புதன்கிழமை காலையில்தான் கேட்டு வாங்க வேண்டும். ஞாயிறு, புதன் இரண்டு நாளும் காலையிலேயே அம்மாப்பேட்டை உழவர் சந்தைக்குப் போய்வாருங்கள். அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் காயை முடிவு செய்யுங்கள், வீட்டிலேயே பட்டியல் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவர், பிள்ளைகள், மாமியார் எல்லோருக்கும் கணக்கு இருக்கிறது. நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. அந்தத் தலைசுற்றலை விடாதீர்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சோகைப் பரிசோதனை இலவசம். முருங்கைக்கீரை, கொள்ளு செய்கிற நாளில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். அந்த 16 முட்டையில் நான்கு உங்களுடையது. பிள்ளைகளுக்கு என்று அதை எடுத்து வைக்காதீர்கள், அவர்கள் பங்கு பள்ளிக்கூடத்திலேயே வந்துவிடுகிறது.