அரபி படிக்க ஆறு மாதம்: கெய்ரோவா, அம்மானா?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “பி.ஏ. முடித்திருக்கிறேன். சிறுவயதில் மதரஸாவில் குர்ஆன் ஓதியதால் எழுத்துத் தெரியும்; பொருள் தெரியாது. மொழிபெயர்ப்பாளராக விரும்புகிறேன். அரபு நாடொன்றில் ஆறு மாதம் தங்கிப் படிக்க எங்கே போகலாம்? துபாயில் மாமா இருக்கிறார். அங்கேயே தங்கிக் கற்றுக்கொள்ளலாமா?”

துபாய் வேண்டாம். வளைகுடாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு நம் மாவட்டத்துக்குத் திரும்பியவர்களிடம் பேசிப் பாருங்கள். மலையாளமும் இந்தியும் சரளமாக வந்திருக்கும், அரபியோ பலருக்கு அன்றாடத் தேவைக்கான சில சொற்களோடு நின்றிருக்கும். கடையிலும் தங்கும் அறையிலும் வேறு மொழியிலேயே எல்லாக் காரியமும் நடந்துவிடும்போது அரபி பேசியே ஆக வேண்டிய கட்டாயம் எழுவதில்லை.

கெய்ரோவிலும் அம்மானிலும் அந்தக் கட்டாயம் உண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்கு நெடுங்காலமாக அரபி கற்பித்துவரும் நிலையங்களும் இரண்டு ஊர்களிலும் உள்ளன. கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தையும், அம்மானில் ஜோர்தான் பல்கலைக்கழகத்தின் மொழி மையத்தையும் சொல்லலாம். வகுப்பில் கற்பது செய்தித்தாளிலும் நூல்களிலும் வழங்கும் ஃபுஸ்ஹா. தெருவில் கேட்பது ஆம்மிய்யா என்னும் வட்டார வழக்கு. ‘எனக்கு வேண்டும்’ என்பதற்கு நூலில் ‘உரீது’ என்று படித்துவிட்டு வெளியே வந்தால், கெய்ரோக் கடைக்காரர் ‘ஆயிஸ்’ என்பார், அம்மான்காரர் ‘பித்தி’ என்பார். முதல் சில வாரம் இது மனத்தைத் தளரச் செய்யும். அதற்காக ஆம்மிய்யாவை ஒதுக்கிவிடாதீர்கள், ஏனெனில் பேச்சை மொழிபெயர்க்க நினைப்பவருக்கு இரண்டுமே தேவை. எகிப்தியத் திரைப்படங்களால் கெய்ரோ வழக்கு அரபு நாடுகளெங்கும் புரியும் என்பதால், உங்கள் நோக்கத்துக்கு நான் கெய்ரோவையே பரிந்துரைப்பேன்.

ஆனால் இப்போதே புறப்பட வேண்டாம். ஆங்கிலம் தாய்மொழியானவர் அரபியில் பணிக்கேற்ற தேர்ச்சி பெற ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. தமிழருக்கு அது அப்படியே பொருந்தாது என்றாலும், வாரம் 20 மணி நேரம் வீதம் ஆறு மாதத்தில் கிடைப்பது சுமார் 520 மணி நேரம்தான் என்பதை நினைவில் வையுங்கள். அடிப்படை இலக்கணத்தைப் படிக்க அந்த நேரத்தைச் செலவிடுவது பெரும் இழப்பு. அதை ஊரிலிருந்தே ஓராண்டில் கற்றுவிடலாம். குர்ஆனைச் சரியான உச்சரிப்போடு ஓதும் தஜ்வீத் முறைப்படி ஓதியிருந்தால், ஒலியில் நெருங்கிய எழுத்துகளான ஸீனையும் ஸாதையும், தாவையும் தோவையும் பிரித்து ஒலிக்க உங்கள் நாக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். புதிதாகத் தொடங்கும் தமிழர் பலர் தடுமாறும் இடம் அது. வினைச்சொல் வாய்பாடுகளையும் வேர்ச்சொல் வரிசையில் அமைந்த அகராதியைப் புரட்டும் பழக்கத்தையும் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரு வகுப்பில் எத்தனை பேர், வகுப்புக்கு வெளியிலும் அரபியே பேச வேண்டும் என்ற உறுதிமொழி உண்டா, உள்ளூர்க் குடும்பத்தோடு தங்க ஏற்பாடு உண்டா என்று எழுதிக் கேளுங்கள். மலையாளி மாணவர்களோடு அறை பகிர்வது செலவைக் குறைக்கும், மொழியையும் குறைத்துவிடும். கட்டணத்தை முதல் பருவத்துக்கு மட்டும் செலுத்துங்கள். அங்கு நடக்கும் பாடத்தைப் பார்த்த பின் மீதியைத் தீர்மானிக்கலாம்.