எம்டன் கல்லில் இல்லாத பெயர்

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஒரு வழக்கு வேலையாகச் சென்னை வந்திருந்தேன். மகளும் கூட வந்தாள். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்லை அவளுக்குக் காட்டினேன். "எம்டன்னா கப்பலாப்பா? ஆச்சி தாத்தாவைத்தானே அப்படிச் சொல்லுவா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். ஆனால் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. எங்கள் ஊர்ப்பக்கத்தவர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்துதான் சென்னைமேல் குண்டு போட்டார் என்று பள்ளி நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். கல்லில் அவர் பெயரே இல்லை. இப்போதாவது அதை மாற்றி எழுதினால் என்ன?

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாற்ற வேண்டாம். செண்பகராமன் அந்தக் கப்பலில் வரவில்லை.

உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். தேதிகளை மட்டும் பாருங்கள். எம்டன் 1910இல் ஜெர்மனியை விட்டுக் கிளம்பிய போர்க்கப்பல். அப்புறம் அது ஊர் திரும்பவே இல்லை. சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்டாவ் துறைமுகம்தான் அதன் இருப்பிடம். முதல் உலகப் போர் மூளப்போகிறது என்று தெரிந்ததும் 1914 ஜூலை 31 அன்று அங்கிருந்து புறப்பட்டது. பசிபிக்கில் ஜெர்மன் கப்பற்படையோடு சேர்ந்து, பிறகு தனியாகப் பிரிந்து வங்காள விரிகுடாவுக்கு வந்தது. அதே மாதங்களில் செண்பகராமன் இருந்தது சுவிட்சர்லாந்தின் சூரிச்சில். அங்கிருந்து பெர்லினுக்குப் போய், அங்கே கூடிய இந்தியப் புரட்சியாளர்களோடு சேர்ந்தார். சூரிச்சில் இருந்தவர் வங்காள விரிகுடாவில் கப்பலேற வழியே இல்லை.

கதை எப்படிப் பிறந்தது என்பதை ஊகிக்கலாம். ஆங்கிலேயரை நடுங்க வைத்தது ஒரு ஜெர்மன் கப்பல். அதே ஜெர்மனியில் நம்மவர் ஒருவர் ஆங்கிலேயருக்கு எதிராக வேலை செய்கிறார். ஊர் வாய் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. அவர் நிஜமாகச் செய்ததே போதுமான கதை. 1915 டிசம்பரில் காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் அறிவித்த தற்காலிக இந்திய அரசில் இவருக்கும் இடம் இருந்தது. 1934இல் பெர்லினில் இறந்தார். அவருடைய அஸ்தி 1966இல்தான், அவர் மனைவி லட்சுமிபாயின் விடாமுயற்சியால், இந்தியக் கடற்படைக் கப்பலில் கொச்சிக்கு வந்தது. கல் வைப்பதென்றால் இதற்கு வையுங்கள்.

சரி, 1914 செப்டம்பர் 22 இரவுக்கு வருவோம். ஒன்பதரை மணி சுமாருக்கு எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. அப்போது கலங்கரை விளக்கம் இருந்தது உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில்தான். அது அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்தது. வந்தவனுக்கு வழிகாட்ட வேறென்ன வேண்டும்? அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கரையிலிருந்த பீரங்கிகள் விழித்துப் பதில் சுட்டு, ஒன்றும் படாமல், கப்பல் இருட்டில் மறைந்தது. ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலடிக்கு ஓடியது. ஆங்கிலேயரின் மதிப்பைக் குலைப்பதும் இந்தியர்களிடையே ஒரு சலனத்தை உண்டாக்குவதும் நோக்கங்களில் சேர்த்தி என்று கேப்டன் ஃபான் முல்லரே தன் அறிக்கையில் சொல்லியிருக்கிறார். கப்பலில் ஒரு தமிழர் இல்லாமலே அது நடந்துவிட்டது.

அந்தக் கல்லில் இல்லாத பெயர் என்றால் எனக்கு நினைவு வருவது வேறு ஆட்கள். துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பல்மீதும் குண்டு பட்டது. அன்றிரவு செத்தவர்கள் குறைந்தது ஐந்து பேர். அவர்கள் பெயரைச் சொல்லும் கல் எதையும் நான் துறைமுகப் பக்கம் பார்த்ததில்லை.

இந்த விஷயத்தில் நம் பழைய ஆட்கள் கெட்டிக்காரர்கள். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு வைத்தது. எந்த அரசன் காலம், யாருடைய சேவகன், எப்படிச் செத்தான் என்று நாலு வரியில் முடித்துவிட்டு, கடைசியில் அவனுடைய நாயைப் பற்றியும் சொல்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். நாய் சிற்பமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது, நூறு வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் செத்த மாலுமியின் பெயர் தெரியவில்லை.

அப்புறம், உங்கள் மகளின் கேள்வி. எனக்கு உங்கள் கேள்வியைவிட அதுதான் பிடித்தது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு ஆங்கிலேயக் கப்பல் மாதிரி வேஷம் போடும். எப்போது, எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் நம் ஊரில் கெட்டிக்காரத்தனமும் கெடுபிடியும் உள்ள ஆள் எம்டன் ஆனான். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் அதை அடித்து நொறுக்கியது. எம்டனின் பீரங்கி ஒன்று இன்றும் சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிற்கிறது. உயிர் பிழைத்த மாலுமிகளுக்கு ஜெர்மன் அரசு ஒரு சலுகை கொடுத்தது: தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கும் அது போகும். அங்கே அரசாங்கம் உத்தரவு போட்டுக் கொடுத்த பட்டத்தை உங்கள் வீட்டில் ஆச்சி தாத்தாவுக்குக் கொடுத்திருக்கிறார். தாத்தா அப்படி என்ன செய்தார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்