சிவாலிக் மலையின் ராட்சத ஆமை: ஓர் ஓட்டுத் துண்டு போதுமா?

கேள்வி: இமாச்சலப் பிரதேசத்தின் சாகேத்தி அருகே ஓடைக்கரையில், உள்ளங்கை அகலமும் மூன்று விரல் கனமும் உள்ள எலும்புத் துண்டு ஒன்றைக் கண்டு படம் எடுத்தேன். அது அழிந்துபோன ராட்சத ஆமையின் ஓடா? அந்த ஆமைக்கு மெகலோகெலிஸ், கொலோசோகெலிஸ், டெஸ்டூடோ என மூன்று பெயர்கள் காணப்படுகின்றன, எது சரி?

பதில்: பெயர்ச் சிக்கலை முதலில் முடித்துவிடலாம். தொல்லுயிர் ஆய்வாளர் ஹ்யூ ஃபால்கனரும், கங்கைக் கால்வாயைக் கட்டிய பொறியாளர் ப்ரோபி காட்லியும் 1837-இல் மெகலோகெலிஸ் என்ற பேரினப் பெயரை வெளியிட்டார்கள். 1844-இல் அவர்களே அந்த விலங்கைக் கொலோசோகெலிஸ் அட்லஸ் என்று விவரித்தார்கள். முந்தி வெளியான பெயருக்கே முன்னுரிமை என்பதால் இன்று மெகலோகெலிஸ் அட்லஸ் என்பதே ஏற்கப்படுகிறது. டெஸ்டூடோ என்பது பல நில ஆமைகளை ஒரே பேரினத்தில் அடக்கிய பழைய வழக்கத்தின் எச்சம்.

துண்டை இனம் காண்பதுதான் கடினம். முதலில் அது ஆமை ஓடுதானா என்று பார்க்க வேண்டும். உடைந்த விளிம்பில் மேலும் கீழும் இறுகிய எலும்பு, நடுவில் பஞ்சு போன்ற எலும்பு என மூன்று அடுக்குகள் தெரிந்தால் ஓடாக இருக்கலாம். ஆனால் பெரிய பாலூட்டிகளின் மண்டையோட்டுத் துண்டுகளும் ஏறக்குறைய இப்படியே ஏமாற்றும். ஆகவே மேற்பரப்பைக் கவனியுங்கள். குழியும் மேடுமாகச் சித்திர வேலை செய்ததுபோல் இருந்தால், அது சிவாலிக் படிவுகளில் கிடைக்கும் மெல்லோட்டு ஆமைகளில் ஒன்றாக இருக்கும். நில ஆமையின் ஓடு பெரும்பாலும் வழவழப்பானது. எலும்பை மூடியிருந்த செதில் தகடுகள் சந்தித்த இடத்தில் ஆழமற்ற பள்ளம் ஒன்று ஓடும். ஓட்டின் எலும்புகள் ஒன்றோடொன்று இணையும் பொருத்துக்கோடு வேறு: அது பல்பல்லாக வளைந்து, முழுக் கனத்தையும் ஊடுருவிச் செல்லும். பக்கவாட்டு ஒளியில் எடுத்த படம் இருந்தால் இரண்டையும் பிரித்தறியலாம்.

கனத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே ஓட்டில் விலாப் பகுதி மெலிந்தும் ஓரமும் அடியோட்டின் (வயிற்றுப்புற ஓட்டின்) முன்னுதடும் தடித்தும் இருக்கும். நடுத்தர ஆமையின் ஓரத்துண்டுகூடப் பெரிதாகத் தோன்றும். மெகலோகெலிஸின் மேலோடு ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் என்பது இன்றைய மதிப்பீடு. தொடக்க கால மீட்டுருவாக்கங்கள் அதைவிட மிகையானவை. இந்தப் பேரினத்தைக் காட்டிக்கொடுக்கும் உறுப்பு, கழுத்துக்குக் கீழே அடியோட்டிலிருந்து முன்னோக்கி நீண்டு, நுனியில் கவைபோல் பிரியும் தடித்த எலும்பு நீட்சி. அது இல்லாத விலாத்துண்டுக்கு, நில ஆமையின் அடையாளங்கள் தெரிந்தாலும், "நில ஆமைக் குடும்பம், சிற்றினம் தெரியவில்லை" என்று எழுதுவதே நேர்மை.

துண்டை எடுக்காமல் வந்தது சரியான செயல். எந்தப் படிவ அடுக்கிலிருந்து அது கழன்று விழுந்தது என்பது அடையாளத்துக்கு மிகவும் அவசியம். அளவுகோல் வைத்த படம், இருப்பிடக் குறிப்பு ஆகியவற்றுடன் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்குத் தெரிவியுங்கள்.